ஊசி எந்தப் பக்கம் பார்க்க வேண்டும்? பழைய டர்ன்டேபிளில் கார்ட்ரிட்ஜைப் பொருத்தும் கணக்கு

இசைத்தட்டைச் சுழற்றிப் பாடவைக்கும் பழைய டர்ன்டேபிள் ஒன்றை வாங்கி, ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜைப் புதிதாக மாட்டியவர்களுக்கு முதலில் கிடைக்கும் அறிவுரை, "அலைன்மென்ட் பார்த்துக்கொள்ளுங்கள்" என்பதுதான். ஆனால் அந்தச் சொல்லுக்கு ஆளுக்கொரு பொருள் இருக்கிறது. ஊசியின் எடையைச் சரிசெய்வதை ஒருவர் அப்படி அழைக்கிறார். கை உட்பக்கம் இழுபடாமல் தடுக்கும் ஆன்டி-ஸ்கேட்டிங் திருகைத்தான் இன்னொருவர் அப்படிச் சொல்கிறார். கார்ட்ரிட்ஜ் பெட்டி பார்வைக்கு நேராக இருந்தாலே வேலை முடிந்துவிட்டது என்று நம்புகிறவர்களே அதிகம். இவை எல்லாவற்றையும்விட ஆழமாக வேரூன்றிய தவறான எண்ணம் ஒன்று உண்டு. சரியாகப் பொருத்திவிட்டால் தட்டின் தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஊசி துல்லியமான கோணத்திலேயே ஓடும் என்பதே அது. சாதாரணமாகச் சுழலும் கை உள்ள எந்தக் கருவியிலும் அப்படி ஒரு நிலை கிடையாது. தவிர்க்கவே முடியாத ஒரு பிழையை, அது குறைந்த தீங்கு செய்யும் விதத்தில் தட்டு முழுவதும் பங்கிட்டு வைப்பதற்குத்தான் அலைன்மென்ட் என்று பெயர்.

முதலில் சில பெயர்கள்

இசைத்தட்டில் ஒலி பதிந்திருக்கும் நீண்ட சுருள்கோட்டை வரிப்பள்ளம் என்று அழைப்போம். அந்தப் பள்ளத்தில் ஓடுவது ஊசி. ஊசியைத் தன் நுனியில் தாங்கி நிற்கும், மிக மெல்லிய சிறு தண்டுக்குக் கேண்டிலீவர் என்று பெயர். ஊசியின் அசைவைக் கேண்டிலீவர் உள்ளே கொண்டுசெல்கிறது. அதை மின்சைகையாக மாற்றும் சிறு பெட்டிதான் கார்ட்ரிட்ஜ். கார்ட்ரிட்ஜ் இரண்டு திருகுகளால் ஹெட்ஷெல் என்ற தட்டையான தலைப்பகுதியில் மாட்டப்படுகிறது. ஹெட்ஷெல், டோன்ஆர்ம் எனப்படும் கையின் முனையில் இருக்கிறது. கையின் மறுமுனையில், அது எதை அச்சாகக் கொண்டு திரும்புகிறதோ அந்த இடம் சுழல்மையம். தட்டின் நடுத்துளை உட்காரும் முளை ஸ்பிண்டில். இனி வரும் எல்லாவற்றுக்கும் இந்தப் பெயர்கள் போதும்.

இழுப்பறையும் கதவும்

மேசை இழுப்பறை ஒன்றை வெளியே இழுத்துப் பாருங்கள். அதன் முன்பக்கம் எவ்வளவு தூரம் நகர்ந்தாலும் ஒரே திசையைப் பார்த்தபடியே வரும். இப்போது ஒரு கதவைத் திறந்து பாருங்கள். கதவின் விளிம்பு ஒரு வில்லை வரைந்துகொண்டு நகர்கிறது. நகர நகர அது பார்க்கும் திசையும் மாறிக்கொண்டே போகிறது.

இசைத்தட்டுக்கான மூலப்பதிவை வெட்டும் இயந்திரம் இழுப்பறையைப் போன்றது. வெட்டும் தலை ஒரு நேரான தண்டவாளத்தில் ஏறி, தட்டின் வெளி விளிம்பிலிருந்து மையத்தை நோக்கி நேர்க்கோட்டில் நகர்கிறது. அதனால் அது எப்போதும் பள்ளத்தின் தொடுகோட்டுத் திசையைப் பார்த்தபடியே வெட்டுகிறது. வட்டத்தை ஒரே ஒரு புள்ளியில் தொட்டுச் செல்லும் நேர்க்கோடே தொடுகோடு என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். நம் வீட்டு டர்ன்டேபிளின் கையோ கதவைப் போன்றது. சுழல்மையத்தைக் கீலாகக் கொண்டு வில்லில் நகர்கிறது. இழுப்பறையால் எழுதியதைக் கதவால் படிக்க முயல்கிறோம் என்பதில்தான் மொத்தச் சிக்கலும் அடங்கியிருக்கிறது.

கேண்டிலீவர் பார்க்கும் திசைக்கும், அந்த இடத்தில் பள்ளத்தின் தொடுகோட்டுக்கும் இடையே உள்ள கோண வித்தியாசத்தைத் தடப்பிழை என்று குறிப்போம். நேராக நகரும் கைகளைக் கொண்ட கருவிகளும் உண்டு; 1972இல் வந்த பேங் அண்ட் ஒலுஃப்சனின் பியோகிராம் 4000 அவற்றில் பேர்பெற்றது. அவற்றுக்கு இந்தத் தலைவலி பெரும்பாலும் இல்லை. ஆனால் நம்மிடம் வந்து சேரும் பழைய கருவிகளில் மிகப் பல கதவு வகையைச் சேர்ந்தவையே.

இவ்வளவு சிறிய கோணம் காதில் விழுமா?

ஸ்டீரியோ தட்டின் பள்ளம் V வடிவம் கொண்டது. அதன் மையத்தை நோக்கிய சுவரில் இடப்பக்க ஒலியும், வெளிப்பக்கச் சுவரில் வலப்பக்க ஒலியும் பதிந்திருக்கின்றன. வெட்டும் தலை பள்ளத்துக்குச் செங்குத்தான திசையில் அசைந்து அசைந்து அலைகளை வரைந்திருக்கிறது. படிக்கும் ஊசியின் கேண்டிலீவர் கோணலாக இருந்தால், அதன் அசைவு பள்ளத்துக்குச் செங்குத்தாக இல்லாமல் சாய்வாக நிகழும். ஒரு பக்கம் அசையும்போது ஊசி சற்று முன்னே போகிறது. மறுபக்கம் அசையும்போது சற்றுப் பின்னே வருகிறது. அதாவது அலையின் ஒரு பாதியை அதன் நேரத்துக்குச் சற்று முன்பும், மறு பாதியைச் சற்றுப் பின்பும் படிக்கிறது. நிமிர்ந்து நிற்க வேண்டிய அலை ஒருபக்கம் சாய்ந்துவிடுகிறது. சாய்ந்த அலையில், மூலத்தில் இல்லாத மேல்சுருதி ஒலிகள் கலந்துவிடுகின்றன. பாடகரின் "ஸ", "ச" ஒலிகள் சீறுவதும், உச்சத்தில் எழும் வயலின் கரகரப்பதும் பல சமயம் இதனால்தான்.

இந்தத் தீங்கு தட்டின் எல்லா இடத்திலும் ஒரே அளவாக இருப்பதில்லை என்பதே நாம் கவனிக்க வேண்டிய இடம். 12 அங்குல எல்.பி. தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்ற மாறாத வேகத்தில் சுழல்கிறது. சுற்று மாறாவிட்டாலும் வட்டத்தின் நீளம் மாறுகிறது. மையத்திலிருந்து 146 மி.மீ. தொலைவில் உள்ள வெளிப்பள்ளம் ஊசியின் கீழ் நொடிக்குச் சுமார் 51 செ.மீ. ஓடுகிறது. 60 மி.மீ. தொலைவில் உள்ள கடைசிப் பள்ளம் நொடிக்கு 21 செ.மீ.தான் ஓடுகிறது. ஒரு நொடி இசைக்கு முதல் பாட்டில் கிடைத்த இடத்தில் பாதிகூடக் கடைசிப் பாட்டில் கிடைப்பதில்லை. அகலமான தாளில் தாராளமாக எழுதியவர் பக்கத்தின் அடியில் வரும்போது எழுத்தை நெருக்கி நெருக்கி எழுதுவதைப் போன்ற நிலைமை. நெருக்கி எழுதிய இடத்தில் கண் கொஞ்சம் பிசகினாலும் சொல் மாறிவிடும். அதுபோல, வெளிப்பள்ளத்தில் பொறுத்துக்கொள்ளக்கூடிய ஒரு கோணம் உட்பள்ளத்தில் இரு மடங்குக்கும் மேல் கெடுதல் செய்கிறது.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொல்வதானால், வில்லில் நகரும் கை நேர்க்கோட்டில் வெட்டப்பட்ட பள்ளத்தைப் படிக்கும்போது தடப்பிழை உண்டாகிறது. அந்தப் பிழை தட்டின் உட்பகுதியில்தான் அதிகம் உறுத்துகிறது.

கை ஏன் வளைந்திருக்கிறது?

230 மி.மீ. நீளமுள்ள நேரான கை ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். அதன் ஊசி சரியாக ஸ்பிண்டிலின் உச்சியைத் தொடும்படி வைத்திருக்கிறோம். கணக்கிட்டுப் பார்த்தால், வெளிப்பள்ளத்தில் தடப்பிழை சுமார் 18½ பாகையும், கடைசிப் பள்ளத்தில் சுமார் 7½ பாகையும் இருக்கும். எந்த இடத்திலும் சரியில்லை என்பதோடு, இடத்துக்கு இடம் 11 பாகை மாறவும் செய்கிறது.

இதைத் தீர்க்க இரண்டு தந்திரங்களைச் சேர்த்துக் கையாள்கிறார்கள். முதலாவது, சுழல்மையத்தைச் சற்று முன்னே தள்ளி, ஊசி ஸ்பிண்டிலையும் தாண்டிப் போகும்படி செய்வது. அப்படித் தாண்டும் தூரத்துக்கு ஓவர்ஹேங் என்று பெயர். மேலே சொன்ன அதே கைக்கு 15 மி.மீ. ஓவர்ஹேங் கொடுத்தால், கோணம் தட்டு முழுவதும் ஏறத்தாழ 21 பாகைக்கும் 24½ பாகைக்கும் இடையில் மட்டுமே ஊசலாடும். பிழையின் அளவு கூடியிருக்கிறதே என்று தோன்றும். ஆனால் முன்பு 11 பாகை அலைந்தது இப்போது 4 பாகைக்குள் அடங்கிவிட்டது. கோணம் பெரிதாக இருந்தாலும் ஏறக்குறைய நிலையாக இருப்பதால் அதைக் கழித்துவிட வழியுண்டு. அதுதான் இரண்டாவது தந்திரம். ஹெட்ஷெல்லை 22 பாகை போல உட்பக்கமாகத் திருப்பி வைத்தால், மிச்சப்படும் பிழை இரண்டு, இரண்டரைப் பாகைக்குள் வந்துவிடுகிறது. இந்தத் திருப்பத்துக்கு ஆஃப்செட் கோணம் என்று பெயர்.

இங்கே ஒரு சிறு விலகல். S வடிவக் கை, J வடிவக் கை, நேரான குழாயின் முனையில் ஹெட்ஷெல்லை மட்டும் திருப்பிய கை ஆகியவற்றில் எது தடத்தைச் சரியாகப் பிடிக்கும் என்று நீண்ட வாக்குவாதங்கள் நடப்பதைக் கேட்டிருக்கிறேன். இந்தக் கணக்கைப் பொறுத்தவரை மூன்றும் ஒன்றே. சுழல்மையத்திலிருந்து ஊசி வரையுள்ள நேர்த்தொலைவும், ஊசி பார்க்கும் திசையும் மட்டுமே கணக்கில் வருகின்றன. நடுவில் குழாய் எந்த வழியாக வளைந்து வந்தது என்பது தடப்பிழைக்குத் தெரியாது.

இரண்டே இரண்டு இடங்கள்

ஓவர்ஹேங்கும் ஆஃப்செட்டும் சேர்ந்து அமைந்த கையில், தட்டின் குறுக்கே நகரும்போது பிழை ஒரு பக்கம் தொடங்கி, பூஜ்யமாகி, மறுபக்கம் போய், மீண்டும் பூஜ்யமாகி, திரும்பவும் முதல் பக்கத்துக்கே வருகிறது. பிழை பூஜ்யமாகும் அந்த இரண்டு இடங்களே பூஜ்யப் புள்ளிகள். தட்டு முழுவதிலும் ஊசி உண்மையாகவே நேராகப் பார்ப்பது அந்த இரண்டு இடங்களில்தான்.

அந்த இரண்டு புள்ளிகளையும் எங்கே வைப்பது என்பதில்தான் அறிஞர்கள் வேறுபட்டார்கள். 1924இலேயே பெர்சி வில்சன் இந்தக் கணக்கை அலசினார். 1938இல் லோஃப்கிரென், கோணப்பிழையை மட்டும் பார்க்காமல் அது காதில் உண்டாக்கும் சிதைவைக் குறைக்க வேண்டும் என்று கருதி, உட்பள்ளத்துக்கு அதிக மதிப்புக் கொடுத்துக் கணக்கிட்டார். 1941இல் பேர்வால்டும் அதே முடிவுக்கு வந்து சேர்ந்தார். இன்று பேர்வால்ட் முறை என்று பரவலாக அறியப்படும் அமைப்பில் பூஜ்யப் புள்ளிகள் மையத்திலிருந்து 66 மி.மீ., 120.9 மி.மீ. தொலைவுகளில் இருக்கின்றன. 1966இல் ஸ்டீவன்சன் முன்வைத்த முறையில் உட்புள்ளி ஏறக்குறைய கடைசிப் பள்ளத்திலேயே, 60.3 மி.மீ. தொலைவில் உட்காருகிறது, வெளிப்புள்ளி 117.4 மி.மீ. தொலைவில். இசைநாடகமும் சிம்பொனியும் பெரும்பாலும் உரத்த உச்சத்தில் முடிகின்றன. அந்த உச்சம் தட்டின் உட்கோடியில்தான் வந்து விழுகிறது. அங்கே பிழையே இருக்கக் கூடாது என்று விரும்பினால், நடுப்பகுதியில் கொஞ்சம் கூடுதல் பிழையைச் சகித்துக்கொள்ள வேண்டும். போர்வை ஒன்றுதான், தலையை மூடினால் கால் தெரியும்.

எந்த முறை உயர்ந்தது என்று கேட்டால், என் கருத்தில் அது இரண்டாம்பட்சமான கேள்வி. ஏதாவது ஒரு முறையைத் துல்லியமாகப் பின்பற்றிய கருவி, சிறந்த முறையை அரைகுறையாகப் பின்பற்றிய கருவியைவிட எப்போதும் நன்றாகப் பாடும். மேலே எடுத்துக்கொண்ட கையில் ஓவர்ஹேங் 1 மி.மீ. பிசகினாலே உட்பள்ளத்தில் கோணம் சுமார் 1 பாகை மாறிவிடுகிறது. வெளிப்பள்ளத்தில் அதில் மூன்றில் ஒரு பங்குதான் மாறுகிறது. முறைகளுக்கு இடையே உள்ள வேறுபாட்டை இந்தக் கைப்பிசகு எளிதாக விழுங்கிவிடும்.

பெட்டியைப் பார்க்காதீர்கள், தண்டைப் பாருங்கள்

பொருத்தும் வேலைக்குத் தேவையான முக்கியக் கருவி புரொட்ராக்டர். பூஜ்யப் புள்ளிகளையும், அவற்றைச் சுற்றிக் கட்டக்கோடுகளையும் அச்சிட்ட அட்டை அல்லது கண்ணாடி அது. அதை ஸ்பிண்டிலில் மாட்டி, ஊசியை உட்புள்ளியில் இறக்க வேண்டும். கேண்டிலீவர் கட்டக்கோடுகளுக்கு இணையாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு புரொட்ராக்டரைச் சற்றுத் திருப்பி, வெளிப்புள்ளியிலும் அதையே செய்ய வேண்டும். இரண்டு புள்ளிகளிலும் தண்டு இணையாக நின்றால், ஓவர்ஹேங்கும் கோணமும் இரண்டுமே சரியாகிவிட்டன என்று பொருள்.

சரியாக இல்லாவிட்டால் எதைத் திருத்துவது என்ற குழப்பத்தில்தான் பலர் மாலைப்பொழுது முழுவதையும் தொலைக்கிறார்கள். இதற்கு ஒரு சிறு அடையாளம் உண்டு. இரண்டு புள்ளிகளிலும் தண்டு ஒரே பக்கமாக, ஒரே அளவு கோணலாக இருந்தால் கார்ட்ரிட்ஜை ஹெட்ஷெல்லுக்குள் சற்றுத் திருப்பினால் போதும். ஒரு புள்ளியில் சரியாகவும் மற்றதில் கோணலாகவும் இருந்தாலோ, இரண்டிலும் எதிரெதிர்ப் பக்கம் கோணியிருந்தாலோ ஓவர்ஹேங் தவறு. ஹெட்ஷெல்லின் நீள்துளைகளில் கார்ட்ரிட்ஜை முன்னேயோ பின்னேயோ நகர்த்த வேண்டும். திருப்புவது இரண்டு புள்ளிகளையும் சமமாக மாற்றும், நகர்த்துவது உட்புள்ளியைக் கூடுதலாக மாற்றும் என்பதே இதன் காரணம்.

முதன்முறை இதைச் செய்தபோது நான் கார்ட்ரிட்ஜ் பெட்டியின் விளிம்பைக் கோட்டுடன் பொருத்திவிட்டு நிம்மதியாக எழுந்துவிட்டேன். கடைசிப் பாட்டில் "ஸ" ஒலி அப்படியே சீறிக்கொண்டிருந்தது. மறுநாள் பகல் வெளிச்சத்தில் உருப்பெருக்கி வைத்துப் பார்த்தபோது, பெட்டி நேராக நிற்க, அதன் வயிற்றிலிருந்து வெளிவந்த கேண்டிலீவர் மட்டும் ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தது. பழைய கார்ட்ரிட்ஜ்களில் இது அபூர்வமல்ல. தண்டைத் தாங்கும் ரப்பர் இறுகியிருக்கும், அல்லது எப்போதோ துணிபட்டு வளைந்திருக்கும். பள்ளத்தைப் படிப்பது தண்டுதானே தவிரப் பெட்டி அல்ல. சாய்வு சிறிதாக இருந்தால் பெட்டியைக் கோணலாக வைத்துத் தண்டை நேராக்கலாம். பார்த்த மாத்திரத்திலேயே தெரியும் அளவுக்கு வளைந்திருந்தால் ஊசியை மாற்றுவதே முறை.

கண்ணாடி புரொட்ராக்டரில் வேலை செய்யும்போது, பக்கவாட்டில் ஒரு சிறு விளக்கை வைத்து முன்பக்கத்திலிருந்து குனிந்து பாருங்கள். தண்டும் கண்ணாடியில் அதன் பிம்பமும் ஊசிமுனையில் சந்திக்கும். இரண்டும் ஒரே கோடாகத் தெரியும் இடத்துக்குக் கண்ணைக் கொண்டுவந்த பிறகுதான் கட்டக்கோட்டுடன் ஒப்பிட வேண்டும்; அரை அங்குலம் தள்ளிப் பார்த்தாலும் கண் ஏமாற்றிவிடும். எல்லாம் கச்சிதமாக அமைந்தபின் திருகை இறுக்கும்போது, அந்தத் திருகே கார்ட்ரிட்ஜைத் தன்னோடு கொஞ்சம் இழுத்துத் திருப்பிவிடுவது இந்த வேலையின் தீராத குறும்பு. இரண்டு திருகுகளையும் மாறி மாறிக் கால் சுற்றாக இறுக்கி, இறுக்கி முடித்தபின் இரண்டு புள்ளிகளையும் மறுபடி பார்க்க வேண்டும்.

பழைய கருவிகளின் தனிக்குணங்கள்

இன்றைய பொதுப் புரொட்ராக்டர் ஒன்றைப் பழைய கருவியின்மேல் வைத்தால், கார்ட்ரிட்ஜ் ஹெட்ஷெல்லுக்குள் கோணலாக உட்காரும்படி அது கேட்கலாம். பலர் அதைக் கண்டு தாம் தவறு செய்துவிட்டதாக எண்ணுகிறார்கள். தவறு இல்லை. அந்தக் கருவியைச் செய்தவர்கள் வேறு பூஜ்யப் புள்ளிகளை மனத்தில் வைத்து ஆஃப்செட்டை நிர்ணயித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். உதாரணமாக டெக்னிக்ஸ் எஸ்.எல்-1200 வரிசையில் கையின் நீளம் 230 மி.மீ., ஓவர்ஹேங் 15 மி.மீ., ஆஃப்செட் 22 பாகை. இந்த எண்கள் தரும் புள்ளிகள் பேர்வால்டைவிட ஸ்டீவன்சனுக்கே நெருக்கமானவை. நீள்துளையில் இடமிருந்தால் விரும்பிய முறைக்கு மாற்றிக்கொள்ளலாம். இடமில்லையென்றால் தயாரிப்பாளரின் எண்களோடு நிற்பதே நல்லது.

எஸ்.எம்.இ. 3009 போன்ற கைகளில் ஹெட்ஷெல்லில் நீள்துளை இராமல், கையின் அடித்தளமே முன்னும் பின்னும் நகரும். டூவல் கருவிகள் பலவற்றில் கார்ட்ரிட்ஜைத் தாங்கும் தனித் தட்டும், ஊசி நிற்க வேண்டிய இடத்தைக் காட்டும் சிறு அளவுகோலும் உண்டு. செருகி மாட்டும் பி-மவுன்ட் வகையில் எல்லா அளவும் ஆலையிலேயே முடிவாகிவிட்டதால் நாம் செய்ய எதுவுமில்லை. கழற்றும் வகை ஹெட்ஷெல்லில் நான்கு மெல்லிய கம்பிகளைப் பிரிக்க நேரும். வெள்ளையும் நீலமும் இடப்பக்க ஒலிக்கு, சிவப்பும் பச்சையும் வலப்பக்க ஒலிக்கு என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் திரும்ப மாட்டுவது எளிது.

எடையும் ஆன்டி-ஸ்கேட்டிங்கும் எங்கே வருகின்றன?

ஊசி பள்ளத்தை அழுத்தும் எடை தனி விஷயம். ஆனாலும் கார்ட்ரிட்ஜ் முன்னே பின்னே நகர்ந்தால் கையின் சமநிலை மாறும் என்பதால், அலைன்மென்ட் முடிந்தபின் எடையை மறுபடி அளக்க வேண்டும். ஆன்டி-ஸ்கேட்டிங்கும் வேறு விஷயமே. ஆஃப்செட் கோணமும் பள்ளத்தின் உராய்வும் சேர்ந்து கையை மையத்தை நோக்கி இழுக்கின்றன. அதை ஈடுகட்டும் எதிர்விசை அது. தடப்பிழை பூஜ்யமாக இருக்கும் புள்ளியிலும் அந்த இழுவை இருக்கும். எனவே அந்தத் திருகைத் திருப்பிக் கோணத்தைச் சரிசெய்யவும் முடியாது, கோணத்தைச் சரிசெய்து அந்த இழுவையைப் போக்கவும் முடியாது.

எல்லாம் முடித்தபின் சோதிக்க, தட்டின் ஒரு பக்கத்தில் குரல் முன்னிற்கும் கடைசிப் பாட்டைப் போட்டுக் கேட்பதே வழி. சீறல் அப்போதும் இருந்தால், உடனே திருகைத் தேடாமல் வேறொரு தட்டை, கூடியவரை அதிகம் ஓடாத ஒன்றைப் போட்டுப் பாருங்கள். அதில் ஒலி தெளிவாக இருந்தால் கருவியில் குறையில்லை. முதல் தட்டு, கோணலான ஏதோ ஓர் ஊசியால் பல ஆண்டுகள் உழப்பட்டிருக்கிறது. அந்தத் தேய்மானம் பள்ளத்தின் சுவரிலேயே பதிந்துவிட்டது. இனி எந்த ஊசியை எவ்வளவு நேராக வைத்தாலும் அது அந்தச் சீறலைத்தான் படித்துக்காட்டும்.